சிவப்பு அடைப்புக்குள் பதினேழு காலைகள்

1934, ஆகஸ்டு 9, வியாழக்கிழமை. காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். அடைப்புக்குறிகள்: பதினேழு.

அண்ணே,

இந்த மூன்றையும் முதலில் எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

இன்று காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பாரமானியில் பாதரசம் என் கண்முன்னே ஏறியது. மூன்று நிமிடத்தில் அங்குலத்தில் நூறில் ஐந்து பங்கு. நான் எதையும் தொடவில்லை. வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. கடலில் சரக்கு ஏற்றும் தொங்கான் படகுகள் வரிசையாக நின்றிருந்தன, தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது மாதிரி இருந்தது. அப்போது ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. டிராம் வண்டியின் கொம்பு மேல்கம்பியில் உரசிப் பொறி பறக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த வாசனை. இந்தப் பினாங்கு வானிலை நிலையத்திலிருந்து டிராம் பாதைக்கு அரை மைல் இருக்கும். அந்த நேரத்துக்கு முதல் வண்டியே புறப்பட்டிருக்காது. ஒன்பது நிமிடம் கழித்துக் கொடிமலைக்குப் பின்னாலிருந்து சுமத்ரா வந்து விழுந்தது. நீரிணையைத் தாண்டி விடியலில் வரும் அந்தச் சூறைக்கு இந்த ஊரில் எல்லாரும் சொல்லும் பெயரைத்தான் சொல்கிறேன். கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டது. மழை படுக்கைவாட்டில் வந்தது.

நான் அந்த நேரத்தில் அங்கே இருந்ததே தற்செயல். உங்கள் இடத்துக்கு வந்தவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வேறு ஆள் கிடைக்கவில்லை. இங்கே வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆறு மணிப் பாரமானியை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அந்த அளவுகளைக் கூட்டியிருக்கிறேன், வகுத்திருக்கிறேன், வரைபடமாகப் போட்டு சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்ததில்லை.

நீங்கள் இருந்தபோது ஒருநாளும் உங்களை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனால் நான் கோலாலம்பூரில் தொழில்நுட்பம் படித்துச் சான்றிதழோடு வந்தவன், நீங்கள் ஆயர் ஈத்தாம் டிராமில் ஏழு வருஷம் டிக்கெட் கிழித்துவிட்டு, கருவிகளின் அளவு படிக்கும் பார்வையாளராக வந்தவர். முதல் நாள் "வா தம்பி, கோப்பி குடிச்சியா?" என்றீர்கள். ஆபீசில் தம்பி கிம்பி வேண்டாம் என்றேன். என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"சரிங்க தொரை. கோப்பி குடிச்சீங்களா தொரை?"

அன்றிலிருந்து தொரைதான். அதில் எத்தனை பங்கு கேலி என்று எனக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருந்துவிட்டேன். சொல்லப்போனால் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அந்த வாசனையைப் பற்றி நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். பத்து மணி அளவு முடிந்து, நான் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"தொரை, ஒண்ணு கேக்கணும். சுமத்ரா வர்றதுக்கு முன்ன டிராம் கம்பி வாசன வருது. அது என்னாது?"

"ஓசோன்."

"அப்படின்னா?"

"மின்னலோ பொறியோ பாயுற எடத்துல ஆக்சிஜன் மாறி ஓசோன் ஆவும். புஸ்தகத்துல இருக்கு."

"புஸ்தகத்துல இருக்கட்டும்லா. இங்க எப்படி வந்துச்சு? மின்னல் கொடிமலைக்கு அந்தாண்ட கெடக்கு. காத்து இன்னும் அடிக்கவே இல்ல. வாசன மட்டும் எப்படி முன்னால நடந்து வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். மேகத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று கனத்துக் கீழே கொட்டுகிறது. கொட்டும்போது மேலே இருந்ததையும் கூடவே இழுத்து வருகிறது. அதன் மெல்லிய முன்விளிம்பு நமக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து வந்துவிடுகிறது. அந்தக் கனத்தைத்தான் பாரமானியும் உணர்கிறது. புயலின் முழு உடம்பும் பின்னால் வருகிறது. இது என் ஊகம்தான். ஆனால் கேள்வி உங்களுடையது. அன்றைக்கு நான் சொன்ன பதில் இது:

"டிக்கெட் கிழிச்சவங்களுக்கு எல்லா எடத்துலயும் டிராம் வாசனதான் அடிக்கும்."

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே போய் மழைமானியைத் துடைத்தீர்கள்.

நம் ஊர்ப் பாரமானி ஒரு கடிகாரம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காலை பத்துக்கு உச்சம், மாலை நாலுக்குத் தாழ்வு, இரவு பத்துக்கு மறுபடி உச்சம், விடியல் நாலுக்கு மறுபடி தாழ்வு. கடல் ஏறி இறங்குவதுபோலக் காற்றின் கனமும் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். அது பொய் சொல்லாது. ஆகவே அதற்கு மாறாக ஒரு எண் வந்தால் எழுதிய ஆள்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும். இப்படித்தான் யோசித்தேன். ரொம்பச் சுத்தமான யோசனை.

கணக்குப் போடுகிற எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அளவு முன்னதோடும் பின்னதோடும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றால், சிவப்பு மையில் அடைப்புப் போடுவோம். முன்னதையும் பின்னதையும் கூட்டி இரண்டால் வகுத்து, வந்ததை அந்த இடத்தில் வைத்துவிடுவோம். கோடு வழவழப்பாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். உங்கள் ஆறு மணி அளவுகளில் இரண்டு வருஷத்தில் பதினாலு, பத்து மணி உச்சம்போல உயரமாக, இப்படித் துருத்திக்கொண்டு நின்றன. எல்லாமே மழை பெய்த காலைகள். அது எனக்கு உறைக்கவில்லை. மழை பெய்தால் தூக்கம் சுகமாக வரும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஆறு மணிக்கு நீங்க எந்திரிக்கல. பத்து மணி அளவப் பாத்து ஆறு மணிக் கட்டத்துல எழுதிட்டீங்க" என்றேன்.

"நான் அஞ்சே முக்காலுக்கே வந்து ஒக்காந்திருக்கேன். நம்பலன்னா தண்டலக் கேளுங்க. தெனம் என்னப் பாத்துட்டுத்தான் படக எடுக்குறாரு." தொங்கான் படகுகளுக்குத் தலைவரான அந்த ராவுத்தரைத்தான் சொன்னீர்கள்.

"தண்டல் சாட்சியெல்லாம் அறிவியல்ல செல்லாது."

நீங்கள் போய், காற்றின் கனத்தைத் தானாகக் கோடு போடும் உருளையின் பழைய தாள்களை எடுத்துவந்து பரப்பினீர்கள். நீங்கள் சொன்ன காலைகளில் எல்லாம் கோட்டில் ஒரு சின்ன முள் நின்றது.

"மேசைய இடிச்சிருப்பீங்க. பேனா குதிச்சிருக்கும்."

"பதினாலு வாட்டியுமா இடிப்பேன்? நான் மனுசனா எருமையா தொரை?"

அதற்குப் பிறகு மூன்று சுமத்ரா வந்தது. மூன்று காலையும் குறிப்புப் பத்தியில் "மேசையைத் தொடவில்லை" என்று எழுதி வைத்தீர்கள். உங்கள் எழுத்து கொஞ்சம் சாய்ந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். நான் அந்த மூன்றுக்கும் அடைப்புப் போட்டேன். குறிப்புப் பத்தி அட்டவணையில் சேராது. ஆகவே அது சிங்கப்பூருக்குப் போகவில்லை.

துண்டு விஷயமும் நடுவில் நடந்தது. பாதரசம் குதித்த காலைகளில் கடலைப் பார்த்த கம்பிவேலியில் உங்கள் துண்டைக் கட்டி வைப்பீர்கள். அதைப் பார்த்தால் தண்டல் படகை அவிழ்க்க மாட்டார். உங்கள் இருவருக்குள் அப்படி ஓர் ஏற்பாடு இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. குளித்துவிட்டுக் காயப்போடுகிறீர்கள் என்று நினைத்து, அரசாங்க வேலியில் துணி உலர்த்தக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு "நல்ல கையெழுத்து" என்றீர்கள். அடுத்த சுமத்ரா காலையிலும் துண்டு பறந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் பெரிய தொரைக்கு நீரிணைச் சூறைகள்மேல் பைத்தியம். பத்து நிலையங்களின் அளவுகளைச் சேர்த்து, அது எங்கே பிறக்கிறது, வருமுன் அடையாளம் காட்டுகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். போன வருஷம் செப்டம்பர் கடைசியில், பினாங்கில் ஏன் இத்தனை அடைப்புகள் என்று கேட்டு எழுதினார். ஒரே வரியில் பதில் போட்டேன். பார்வையாளர் ஆறு மணிக்குப் பணியில் இருப்பதில்லை, பத்து மணி அளவை முன்தேதியிட்டு எழுதுகிறார். அவ்வளவுதான். எனக்கு நீளமாக எழுதப் பொறுமை கிடையாது.

இனிமேல் எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம். இன்று காலை பாதரசம் ஏறியதைப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. அது பொய்.

பாரமானியின் உடம்பிலேயே ஒரு சின்ன வெப்பமானி இருக்கிறது. பாதரசம் சூட்டில் நீளும் என்பதால், ஒவ்வொரு தடவையும் அதையும் படித்துப் பக்கத்துப் பத்தியில் எழுதுவீர்கள். நான் அதை வைத்துத்தான் திருத்தம் செய்வேன். அடைப்புக்குள் போனவற்றுக்குத் திருத்தம் தேவையில்லை. அதனால் அந்தப் பதினேழு வரிகளில் மட்டும் வெப்பமானிப் பத்தியை நான் பார்த்ததே இல்லை. என் பதில் சிங்கப்பூர் போய்ப் பதினைந்து நாள் கழித்து, அக்டோபரில், வேறு எதற்கோ பக்கம் புரட்டியபோது கண்ணில் பட்டது. எழுபத்தேழு. அடுத்த அடைப்பு, எழுபத்தாறரை. அடுத்தது, எழுபத்தேழு. இந்த அறையில் பத்து மணிக்கு எண்பத்து நாலு பாரன்ஹீட்டுக்குக் குறையாது. பத்து மணி அளவைத் திருடி எழுதுகிறவன் வெப்பமானியையும் பத்து மணிக்குத்தானே படித்திருப்பான்? நீங்கள் ஆறு மணிக்கு அங்கே நின்றுதான் படித்திருக்கிறீர்கள். பதினேழு தடவையும். அதற்கு எந்தத் தண்டலும் சாட்சி சொல்லத் தேவையில்லை. உங்கள் கையெழுத்திலேயே இருந்தது.

பார்த்தேன். புத்தகத்தை மூடினேன். உங்கள் வேலைநீக்க உத்தரவு வர இன்னும் நாலு நாள் இருந்தது. தந்தி அடிக்க அரைமணி நேரம் போதும். என் வரி தப்பு என்று நானே எழுத வேண்டுமே என்பதைத் தவிர எந்தத் தடையும் இல்லை. நாலு நாளும் நேரத்துக்கு ஆபீஸ் வந்தேன், நீங்கள் வாங்கி வைத்த கோப்பியைக் குடித்தேன்.

உத்தரவை நின்றபடியே படித்தீர்கள். "பொய் எழுதுனேன்னு போட்டிருக்காங்க" என்றீர்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "ஒரு மணி அளவு எடுத்துட்டுப் போறேன்." எடுத்தீர்கள், வெப்பமானியையும் சேர்த்து. சாவியை என் பேரேட்டின்மேல் வைத்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்குத் தொரை என்றும் சொல்லவில்லை.

பிறகு துறைமுகக் கரையில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது அங்கே உங்களைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடமிருந்தால் ஒளிந்திருப்பேன்.

"என்னா தொரை, காலையில எத்தனை?" என்று கேட்டீர்கள். சொன்னேன். தலையாட்டினீர்கள். அந்த எண்ணை மனத்தில் குறித்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தீர்கள்.

"தம்பி, ஒரு ஒதவி."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பி.

"வீட்டுல நான் தூங்கி வேலைய விட்டேன்னு நெனைக்கிறாங்க. மச்சான் ஒருத்தன் இருக்கான், சாப்புட ஒக்காந்தாப் போதும், 'அத்தானுக்குப் பாய் போடு, கண்ணு சொக்குது'ங்குறான். பிள்ளைங்க சிரிக்குது. நான் சொன்னா எடுபடல. எம் பொஞ்சாதி மெரிக்கும் உள்ளுக்குள்ள சந்தேகந்தான், வெளிய சொல்ல மாட்டா. நீ படிச்சவன். வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. வேல திரும்ப வேணாம். அவ காதுல விழுந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். டத்தோ கிராமாட் சாலையில் எந்தச் சந்து, எத்தனாவது வீடு என்று என் உள்ளங்கையில் பென்சிலால் எழுதினீர்கள். கூசியது.

அந்த ஞாயிறு நான் வரவில்லை. மழைமீது பழிபோட முடியாது. அன்றைய மழையளவு பூஜ்யம், புத்தகத்தில் இருக்கிறது. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வந்தால் அந்த ஒரு வார்த்தையோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். "அப்ப யாரு உத்தரவு வாங்குனது?" என்று உங்கள் வீட்டம்மா கேட்பார்கள். பிப்ரவரியில் உங்களுக்கு டைபாய்டு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்களாம். அதுவும் நீங்கள் போன பிறகுதான் தெரியும்.

உங்கள் அடக்கப் பூசைக்குத் தேவாலயத்துக்கு வந்தேன். வாசலுக்கு வெளியே நின்றேன். தண்டல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து, "நீங்கதானா அந்தத் தொரை?" என்றார். ஆமாம் என்றேன். "துண்டு கட்ட ஆளில்லீங்க இப்ப. நவம்பர்ல ஒரு தொங்கான் கவுந்துபோச்சு. பசங்க நீந்திட்டாங்க" என்றார்.

உங்கள் மைத்துனர் வந்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டவராகத் தெரியவில்லை. கண் சிவந்திருந்தது. யாரோ ஒரு பெரியவரிடம், "தங்கமான மனுசன். தூக்கம் ஒண்ணுதான் அவரக் கெடுத்துச்சு" என்றார். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். உங்கள் மனைவி தலையில் முக்காட்டோடு என்னைவிடப் பக்கத்தில் நின்றார்கள். கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் கிடைத்த இரண்டாவது அரைமணி நேரம் அது. வாய் திறக்கவில்லை.

போன வாரம் பெரிய தொரையின் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சுப்படியாகத் திருத்தத்துக்கு வந்தது. நீரிணைச் சூறைகள் பாரமானியில் முன் அடையாளம் எதுவும் காட்டுவதில்லை என்பது அதன் முடிவு. அடிக்குறிப்பில், பினாங்கின் சில அளவுகள் நேர்மையற்ற பார்வையாளரால் எழுதப்பட்டதால் நீக்கப்பட்டன என்று இருக்கிறது. கடைசியில் எனக்கு நன்றி. கூடவே ஒரு கடிதம்: சிங்கப்பூரில் ஓர் இடம் காலியாகிறது, வருகிறாயா என்று. ஒரு வாரமாக அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று காலை ஈரமாகிவிட்டது.

இன்று ஆறு மணிக் கட்டத்தில் நான் கண்ட எண்ணை எழுதினேன். எழுதும்போது கை நின்றது. முன்னதோடும் பின்னதோடும் ஒட்டாத எண். இதைக் கணக்குப் போடப்போகிறவனும் நான்தான். குறிப்புப் பத்திக்கு வந்தபோது, உங்களைப்போல ஒரு வரி எழுதி வைக்க வேண்டுமோ என்று தோன்றியது. என் எண்ணை யார் சந்தேகப்படப்போகிறார்கள்? எழுதாமல் விட்டேன். அந்த வரியை எழுதவேண்டிய நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ளியிருக்கிறேன் என்பது அப்போதுதான் சரியாகப் புரிந்தது. மன்னிப்பு என்று இங்கே எழுத மாட்டேன். நீங்கள் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்பது இன்னொரு வழவழப்பு. என்னிடம் இருப்பது உங்கள் கையெழுத்தில் பதினேழு வரிகள். அவற்றை வைத்துக்கொண்டு செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. இன்று பத்து மணி அளவு எடுத்ததும் பதினேழு அடைப்புகளையும் குறுக்கே கோடிட்டு அடிப்பேன். சுரண்டி அழிக்க மாட்டேன், என் சிவப்பு மை தெரியட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இந்த அளவு சரி" என்று கறுப்பு மையில் எழுதி, என் கையெழுத்தும் தேதியும் போடுவேன்.

2. பெரிய தொரைக்கு எழுதுவேன். வெப்பமானிப் பத்தி, உருளைத் தாள்கள், உங்கள் மூன்று குறிப்புகள், எல்லாவற்றுக்கும் நகல். "தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுத மாட்டேன். அக்டோபரிலேயே பார்த்தேன், நாலு நாள் இருந்தது, பேசாமல் இருந்தேன் என்று எழுதுவேன். சனிக்கிழமைக் கப்பலில் போகும்.

3. அடிக்குறிப்பை எடுக்கச் சொல்வேன். நன்றியில் என் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் முழுப்பெயரை, ஞானஸ்நானப் பெயரோடு, போடச் சொல்வேன். சிங்கப்பூர் இடம் போகும். இந்த இடமும் போகலாம். போகட்டும்.

4. தண்டலைப் பார்த்து, காலையில் வேலியைப் பார்க்கச் சொல்வேன். நான் இங்கே இருக்கும்வரை கட்டுவேன். சுவரில் ஒட்டிய தாளை ஏற்கெனவே கிழித்துவிட்டேன்.

5. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போவேன். பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துப் போவேன், உங்கள் மைத்துனரும் பிள்ளைகளும் இருக்கும்போது. அவர் ஒருநாளும் தூங்கவில்லை, தூங்கினார் என்று எழுதியவன் நான் என்று உங்கள் மனைவியிடம் சொல்வேன். "நீங்க யாரு?" என்று கேட்டால் பெயரைச் சொல்வேன். கதவைச் சாத்தினால், சாத்திய கதவுக்கு வெளியே நின்று, அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொல்வேன்.